கை கட்டி நின்றவர்

சிங்கப்பூர்
8-7-1934

அன்புள்ள பெத்தம்மாள் அக்காவுக்கு,

தம்பி காளிதாஸ் எழுதிக்கொள்வது. காலேஜில் சேர்ந்து பத்து நாளாகிறது. சாப்பாட்டுக்குக் குறைவில்லை, ரசம்தான் கண்ணில் படவில்லை.

ஒரு வெட்கக்கேட்டை உன்னிடம் மட்டும் சொல்கிறேன். இங்கே புதிதாகச் சேர்ந்தவர்கள் எல்லாரும் மேடையேறி இங்கிலீஷில் ஐந்து நிமிஷம் பேச வேண்டும். என் பெயரைக் கூப்பிட்டார்கள். போகும்போதே மேடைப் படியில் காலில் போட்டிருந்த சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டேன், அக்கா! கழற்றியது எனக்கே தெரியாது. மேலே ஏறிக் கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்து நின்றேன். விடியற்காலைப் பெரட்டில் துரை பெயர் கூப்பிடும்போது நம் ஆட்கள் நிற்பார்களே, அதே மாதிரி. அத்தனை பேரும் சிரித்தார்கள். எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை.

அடுத்த மாதம் பெரிய மண்டபத்தில் மறுபடியும் பேச வேண்டும். வாத்தியாராகப் போகிறவன் வாய் திறக்காவிட்டால் என்ன பிரயோஜனம் என்று புரொபஸர் கேட்டுவிட்டார். பேசாமல் ரப்பர்த் தோட்டத்துக்கே வந்து உன்னோடு மரம் சீவலாமா என்று இருக்கிறது. அப்பாவிடம் சொல்லிவிடாதே.

உன் தம்பி,
காளிதாஸ்


ஜாசின்
15-7-1934

என் தங்கத் தம்பிக்கு,

சப்பாத்து பத்திரமாக இருக்கிறதா? அதை முதலில் சொல். மலாக்காவில் நாலு கடை ஏறி இறங்கி அப்பா வாங்கிக் கொடுத்ததாச்சே.

மரம் சீவ வருகிறானாம்! நீ சீவினால் பட்டை எங்கே இருக்கும், மரமே போய்விடும். சும்மா அங்கேயே கிட.

உனக்கா குரல் இல்லை? பால் எடுக்கிற நேரத்தில் ஆறு நிரை மரத்துக்கு அப்பால் நின்று "யக்கா, சோறு!" என்று கத்துவாயே, பங்களா நாயெல்லாம் குரைக்கும். சாயங்காலம் பேப்பர் வாசிக்கும்போது அப்பா என்ன சொல்வார்? "சத்தமாப் படிடா, லயத்துல கடைசி வீட்டுக்கும் கேக்கட்டும்." அவ்வளவுதான் சங்கதி. கடைசி பெஞ்சில் நான் வாளியோடு நிற்பதாக நினைத்துக்கொண்டு பேசு. எனக்குக் கேட்கணும்லா!

நீ போனதிலிருந்து நான்தான் பேப்பர் வாசிக்கிறேன். எழுத்துக் கூட்டிக் கூட்டி வாசிப்பதற்குள் அப்பா தூங்கிவிடுகிறார்.

அக்காள்,
பெத்தம்மாள்


சிங்கப்பூர்
19-8-1934

அன்புள்ள அக்கா,

ஜெயித்துவிட்டேன்! எனக்குத்தான் முதல் இடம்!

நீ சொன்னபடி கடைசி பெஞ்சைப் பார்த்துத்தான் பேசினேன். தோட்ட வாழ்க்கையைப் பற்றிப் பேச்சு. முதலில் யாரும் அசையவில்லை. எனக்குப் பயம் வந்துவிட்டது. அப்போதுதான் அப்பா பெரட்டில் நிற்பதை நடித்துக் காட்டினேன். தலைத்துண்டை இடுப்பில் கட்டி, முதுகை வளைத்து, துரை எதைக் கேட்டாலும் "சரிங்க தொர, சரிங்க தொர" என்பாரே, அதை மட்டும் தமிழிலேயே சொன்னேன். ஐயோ, அந்தச் சிரிப்பு! மண்டபமே இரண்டுபட்டுவிட்டது. தமிழ்ப் பத்திரிகையில்கூட வந்திருக்கிறது. வெட்டி அனுப்பியிருக்கிறேன், அப்பாவுக்கு வாசித்துக் காட்டு.

காளிதாஸ்


ஜாசின்
2-9-1934

காளிதாசுக்கு,

வாசித்துக் காட்டினேன்.

"ஜாசின் தம்புசாமி மகன் காளிதாஸ்" என்று அச்சில் வந்ததை அப்பா விரலால் தடவிப் பார்த்தார். பக்கத்து வீட்டு மருதமுத்து மாமாவையும் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தார். நீ அப்பாவை நடித்துக் காட்டிய இடம் வந்ததும் நான் தாண்டிவிட்டேன். என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். "நடுவுல என்னமோ போட்டிருக்கு. முழுசாப் படி" என்றார். படித்தேன். "நல்லாத்தான் சொல்லியிருக்கான். அப்படித்தானே நிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வாளி கழுவப் போய்விட்டார். அன்றிலிருந்து என்னைப் பேப்பர் வாசிக்கச் சொல்லவில்லை.

மறுநாள் பெரட்டில் நிமிர்ந்து நின்று பார்த்தார். தொங்கவிட்ட கையை என்ன செய்வதென்று தெரியாமல் வேட்டியைப் பிடிக்கிறார், விடுகிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

நீ நாலாம் வகுப்பு முடித்தபோது, பையனைப் புல் வெட்ட அனுப்பு என்று துரை சொன்னார். மூன்று நாள் காலையில் எல்லாரும் மரம் சீவ மலைக்குப் போன பிறகும் அப்பா கை கட்டி நின்றார். "பையன் படிக்கட்டும் தொர" என்று அதையே சொன்னார். மூன்றாம் நாள்தான் துரை தலையாட்டினார். நீ தூங்கிக்கொண்டிருந்தாய். நான் அப்பா பக்கத்தில் நின்றேன்.

அங்கே எல்லாரும் உன்னைப் பார்த்துச் சிரித்தபோது உனக்கு எப்படி இருந்தது? அதே சிரிப்பை அப்பா மேல் கொண்டுபோய்க் கொட்டிவிட்டாயே. எனக்குக் கோபம் ஆறவில்லை.

பெத்தம்மாள்


சிங்கப்பூர்
30-9-1934

அக்கா,

உன் கடிதத்தைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன்.

போன வெள்ளிக்கிழமை புரொபஸரைக் கெஞ்சி மறுபடியும் மேடையேறினேன். இந்த முறை தெரிந்தேதான் சப்பாத்தைக் கழற்றினேன். கை கட்டி நின்றேன். வழக்கம்போலச் சிரித்தார்கள். சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். பிறகு அந்த மூன்று காலைகளைச் சொன்னேன். "அவர் இப்படி நின்றதால்தான் நான் இங்கே நிற்கிறேன். அன்று உங்களைச் சிரிக்க வைத்தது என் தப்பு" என்றேன். யாரும் கை தட்டவில்லை. ஆனால் கடைசி பெஞ்சில் ஒருவன் எழுந்து நின்றான்.

இதை அப்பாவுக்கு வாசிக்காதே. தீபாவளிக்கு வந்து நானே சொல்கிறேன். என்னை வீட்டுக்குள் விடுவாரா?

காளிதாஸ்


ஜாசின்
8-10-1934

தம்பிக்கு,

வாசிக்காதே என்று எழுதினாய். உன் பேச்சை நான் என்றைக்குக் கேட்டேன்? வாசித்துவிட்டேன்.

அப்பா ரொம்ப நேரம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அப்புறம், "கடைசி ஆளுக்கும் கேட்டுச்சாமா?" என்றார். கேட்டதாம் என்றேன். "வெறுங்கால்ல எதுக்கு நின்னான்? கல்லுத் தரை சில்லுன்னு இருக்குமே. சப்பாத்தப் போட்டுக்கிட்டே பேசச் சொல்லு" என்றார்.

வீட்டுக்குள் விடுவாரா என்று கேட்கிறாயே, மடையா. ஒரு மாதப் பேப்பரை மடித்துத் தகரப் பெட்டியில் வைத்திருக்கிறார். என்னைத் தொட விடவில்லை. நீ வந்து படிக்கணுமாம்.

உன் அக்காள்,
பெத்தம்மாள்