பொதுச்சுவர்

அன்பு மகள் சின்னுவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருக்க வேண்டும். போனில் பேச ஆரம்பித்தால் எனக்குச் சொல்ல வந்தது மறந்துபோகிறது, நீயும் சரிம்மா சரிம்மா என்று அவசரப்படுகிறாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நம் தெருவில் மறுபடியும் ரோடு போட்டுவிட்டார்கள். பழையதைச் சுரண்டி எடுக்காமல் மேலேயே போட்டதில் இன்னும் ஒரு சாண் ஏறிவிட்டது. இனி எந்த மழைக்கும் இந்த ரோடு முழுகாது என்று மாநகராட்சி இன்ஜினியர் பெருமையாகச் சொல்லிவிட்டுப் போனார். ரோடு முழுகாதுதான், அந்தத் தண்ணீர் நம் வீட்டுக்குள்தானே இறங்கும். நீ படியேறி வந்த வீட்டுக்குள் இப்போது படியிறங்கித்தான் வரவேண்டும். எதிர் வரிசையில் எல்லோரும் சுவருக்கு அடியில் ஜாக்கி வைத்து வீட்டையே ரோட்டுக்கு மேலே தூக்கிவிட்டார்கள், எதிர் வீட்டு டீச்சர் இப்போது என்னிடம் குனிந்துதான் பேசுகிறாள், அதிலும் ஒரு மிதப்பு. நம் வீட்டையும் தூக்கச் சொல்லி நீ எத்தனையோ தடவை சொல்லிவிட்டாய். ஜாக்கி மேஸ்திரி வந்து பார்த்தார். நமக்கும் பக்கத்துத் தையல் அத்தை வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர், தூக்கினால் ரெண்டையும் சேர்த்துத்தான் தூக்க முடியும், வேலை முடிகிறவரை உள்ளே யாரும் இருக்கக் கூடாது என்றார். அத்தை வீட்டு மாமாவோ படுத்த படுக்கை, மூக்கில் ஆக்சிஜன் குழாய். அந்த நிலைமையில் வாடகைக்கு வீடு கேட்டால் திறந்த கதவையும் சாத்திக்கொள்கிறார்கள்.

சுவரை அறுத்து நம் பாதியை மட்டும் தூக்குங்கள் என்று நீ அப்பாவுக்கு மெசேஜ் போட்டாய். மேஸ்திரியைக் கேட்டோம், அறுத்துடலாம்மா, ஆனா அவங்க பக்கம் நிக்கும்னு நான் வாக்கு குடுக்க மாட்டேன்னு சொல்லிவிட்டார். அத்தையிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று கிளம்பிய உன் அப்பா, அவளிடம் சட்டைக்குப் பட்டன் மட்டும் தைத்து வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார். கடைசியில் மேஸ்திரி வாயாலேயே கேள்விப்பட்டு அவளே வந்தாள். நீங்க தூக்கிக்கோங்க அண்ணி, எங்களுக்காகப் பாக்காதீங்கன்னு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். நாலு வார்த்தை ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மேஸ்திரி ஜாக்கிகளை லாரியில் ஏற்றிக்கொண்டு வேறு தெருவுக்குப் போய்விட்டார், இனி மழைக்காலம் முடிந்துதான் வருவாராம். ஒரு நகரத்துக்கே தண்ணீர் வடிய வழி போட்டுக் கொடுக்கிற வேலை உனக்கு, நம் ஒரு சுவருக்கு உன்னாலும் வழி சொல்ல முடியவில்லை. குறையாகச் சொல்லவில்லை கண்ணு, எங்களுக்கும்தான் தெரியவில்லை.

முந்தாநாள் பெய்த சின்ன மழைக்கே மாமாவின் கட்டில் கால் நனைந்துவிட்டது. அப்பாவும் தெருக்காரர்களும் அவரை நாற்காலியோடு தூக்கி, நம் மொட்டைமாடியில் உன் பழைய அறையில் படுக்க வைத்திருக்கிறார்கள். பகலில் அந்தத் தகரக் கூரை அடுப்பாகக் காய்கிறது. நனைத்த சாக்கைக் கூரைமேல் போட்டுப் பார்க்கிறோம், அரை மணியில் உலர்ந்துவிடுகிறது. கீழே இறக்கலாம் என்றால் எந்த நேரம் தண்ணீர் வருமோ தெரியவில்லை. பெருமழை பிடித்தால் நம் தெருவில் முதலில் கரண்டைத்தான் நிறுத்துவார்கள், ஆக்சிஜன் மிஷின் கரண்டில்தான் ஓடுகிறது. அது எனக்கும் தெரியும், அத்தைக்கும் தெரியும்.

நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் நிறைவாக இருக்க வேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம். குளிரில் தலைக்கு ஏதாவது கட்டிக்கொண்டு வெளியே போ. ஒன்றை மட்டும் மறக்காதே, சுவரை அறுக்கச் சொல்லி இனி மெசேஜ் போடாதே. அப்பா அசைய மாட்டார், எனக்கு என்னை நினைத்துத்தான் பயமாக இருக்கிறது. இன்னொரு தடவை நீ சொன்னால் நான் சரி என்று சொல்லிவிடுவேன்.

உன் நல்லதையே நினைத்திருக்கும்
அம்மா