பெரிய வெள்ளியன்று வெடித்த வண்டி

காக்ஸ் டவுன், பெங்களூர்
26 ஏப்ரல் 2009

அன்பு மகன் டெரன்ஸுக்கு,

அப்பா எழுதுவது. மாதாவின் துணையால் அந்த எட்மண்டன் குளிரில் நீ சளி இருமல் இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே எல்லாரும் நலம் என்று எழுதும்படி உன் அம்மாவின் உத்தரவு, எழுதிவிட்டேன். இனி நடந்ததை எழுதுகிறேன். போனில் சொல்ல வழியில்லை, நீ கூப்பிடும்போதெல்லாம் அவள் பக்கத்திலேயே நின்று வாயைத் திறக்காதே என்று கண்ணைக் காட்டுகிறாள்.

உன் பைக்கைப் பற்றித்தான். கம்பெனிக்காரன் ஒழுங்காகக் கொடுத்த சைலன்சரைக் கழற்றிவிட்டு அகன்ற வாயுள்ள குழாயை மாட்டினாய், ஏர் ஃபில்டரையும் மாற்றினாய், பேட்டரி இறங்காமல் ஓட்டிக்கொண்டிருங்கள் அப்பா என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினாய். ஆக்சிலரேட்டரை விட்டால் போதும், பட்பட்டென்று வெடிக்கிறது. எதிர்வீட்டு கிருஷ்ணப்பா தினமும், ஏன் மேஷ்ட்ரே, தீபாவளினா என்று கன்னடத்தில் கேட்கிறார், என்ன வாத்தியாரே தீபாவளியா என்று. அடுகோடி மெக்கானிக் ரவிக்குமார், காத்து ஜாஸ்தி ஆயிடுச்சு சார், இன்ஜெக்ஷன் மட்டும் பழைய கணக்குக்கே பெட்ரோல் வுடுது, அதான் வெடிக்குது என்றான். உன்னிடம் கேட்டதற்கு மூன்று வழி சொன்னாய். முதலாவது, லேப்டாப்பை மாட்டி வண்டியின் கம்ப்யூட்டரில் உள்ள கணக்கையே மாற்றி எழுதுவது. ரவிக்குமார் அழைத்து வந்த அந்த லேப்டாப் ஆசாமி எடுத்த எடுப்பில், பிக்கப் வேணுமா மைலேஜ் வேணுமா அங்கிள் என்றான். சத்தம் போடாமல் இருந்தால் போதும் என்றேன், அதுக்கு இதுல செட்டிங் இல்லை என்றான். இரண்டாவது, வயரில் ஒரு ரெசிஸ்டரைச் சொருகி, எஞ்சின் சில்லென்று இருக்கிறது என்று கம்ப்யூட்டரை நம்பவைத்துக் கூடுதலாகப் பெட்ரோல் விடச் செய்வது. காலமெல்லாம் கெமிஸ்ட்ரி நடத்தியவன் நான், ரீடிங்கைத் திருத்திவைத்து விடை கொண்டுவந்த பையன்களை லேபுக்கு வெளியே நிறுத்தியவன், என் வீட்டிலேயே அந்த வேலையா, சீ. மூன்றாவது, நீ பார்சலில் அனுப்பிய பெட்டி. கம்ப்யூட்டருக்கும் இன்ஜெக்ஷனுக்கும் நடுவில் உட்கார்ந்து பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்குமாம். எதை முடிவு செய்தீர்கள் என்று வாரம் தவறாமல் நீயும் கேட்டுக்கொண்டிருந்தாய்.

நான் முடிவு செய்வதற்குள் பெரிய வெள்ளி வந்துவிட்டது. அம்மாவுக்கு முட்டிவலி, வெயில் வேறு, பக்கத்துச் சர்ச்சுக்கு எந்த ஆட்டோக்காரனும் வரமாட்டேன் என்றான். வேறு வழியில்லாமல் உன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். அன்றைக்கு மணிகூட அடிக்கமாட்டார்கள், மரக்கட்டைதான் தட்டுவார்கள், உனக்குத் தெரியும். சனமெல்லாம் வாய் பேசாமல் கேட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது. வண்டி நிற்பதற்கு முன்பே ஒரு காலை ஊன்றி இறங்குவது உன் அம்மாவின் பழக்கம். அவள் காலை வைக்கவும் நான் ஆக்சிலரேட்டரை விடவும் சரியாக இருந்தது, பீரங்கி மாதிரி வெடித்தது. பதறிப்போய்க் கையை ஊன்றி விழுந்தாள். வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு, கட்டு இன்னும் பிரிக்கவில்லை. இதைவிட அருவருப்பானது ஒன்று உண்டு. சர்ச் இளைஞர் சங்கத்துப் பையன்கள் ஓடி வந்தார்கள், தூக்கத்தான் வருகிறார்கள் என்று பார்த்தால் ஒருத்தன் குழாய்ப்பக்கம் குனிந்து, செம சவுண்டு அங்கிள், எங்க போட்டீங்க என்று சிரித்துக்கொண்டே கேட்டான். அவள் இன்னும் தரையில்தான் கிடந்தாள். பிறகு ஈஸ்டர் வாழ்த்துச் சொல்ல நீ கூப்பிட்டாய், இன்னும் வெடிக்குதாப்பா என்று கேட்டுச் சிரித்தாய். உனக்கு ஒன்றும் தெரியாது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை, அந்தப் பையன் சிரிப்பு போலவே இருந்தது.

மறுநாளே அடுகோடிக்குப் போய், பரணில் கிடந்த பழைய சைலன்சரையும் ஃபில்டரையும் கொடுத்து மாட்டச் சொல்லிவிட்டேன். இது நீ சொன்ன மூன்றிலும் இல்லாத வழி. பவர் போயிடும் சார் என்றான் ரவிக்குமார், போகட்டும் என்றேன். இப்போது வண்டி வாயை மூடிக்கொண்டு ஓடுகிறது. அந்தக் குழாயைக் கண்ணில் காட்டாதே என்று அவனிடமே விட்டுவிட்டு வந்தேன். உன் பெட்டியையும் எறிந்திருப்பேன், உன் அம்மா விடவில்லை, பிள்ளை ஆசையா அனுப்பினது என்று சொல்லித் தன் புடவைகளுக்கு நடுவில் வைத்திருக்கிறாள்.

வேளைக்குச் சாப்பிடு, ஞாயிற்றுக்கிழமை பூசையை விடாதே. அந்த ஊரிலும் வண்டி வாங்கினால் வாங்கியது வாங்கியபடியே இருக்கட்டும். ஆண்டவர் உன்னைக் கைவிடாமல் காப்பாராக. ஒன்றை மட்டும் மறக்காதே, அடுத்த முறை போன் செய்யும்போது வண்டியைக் கேட்காதே, முதலில் அம்மாவைக் கேள். நல்லா இருக்கேன்டா கண்ணு என்பாள். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே, ஆனால் சீக்கிரம் போனை வைத்துவிடாதே. இடது கையில் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு அவள் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்பாள்.

இப்படிக்கு,
உன் அப்பா
சில்வெஸ்டர்