தம்பியின் ஊசி அட்டைக்குள்

மார்ச் 4

அன்புள்ள டாக்டர் மாமாவுக்கு,

நீங்கள் வாயாடி என்று கூப்பிடுகிற நான்தான் எழுதுகிறேன். தம்பியின் தடுப்பூசி அட்டை உறைக்குள் இதைச் செருகியிருக்கிறேன். அம்மாவுக்குத் தெரியாது. எல்லோரும் தூங்கிய பிறகு குளியலறையில் உட்கார்ந்து எழுதுவதால் கையெழுத்து கோணலாக இருக்கும், திட்டாதீர்கள்.

தம்பி பிறந்தபோது அம்மாவுக்கு ரத்தம் நிற்கவே இல்லை. பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் அப்பாவிடம், "இன்னொண்ணு உடனே வந்தா உயிருக்கே ஆபத்து. ரெண்டு வருஷமாவது தள்ளிப்போடுங்க. எப்படின்னு உங்க குடும்ப டாக்டர் சொல்வார்" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

போன ஊசிக்கு வந்தபோது அம்மா கேட்க வாயெடுத்தாள். நீங்கள், "பையன் கொழுகொழுன்னு இருக்கான், ஓடு ஓடு, வெளியில கூட்டம்" என்று சிரித்தீர்கள். அவளும் சிரித்துவிட்டு வந்துவிட்டாள். இந்த முறை நீங்களே பேச்சை எடுங்கள். அம்மா செத்துப்போய்விடுவாளோ என்று பயமாக இருக்கிறது.

இப்படிக்கு,
வாயாடி

மார்ச் 6

அன்பு வாயாடிக்கு,

தேதி குறிக்க வேண்டும் என்று சொல்லி அட்டையை வாங்கி வைத்தேன். அதிலேயே பதிலையும் வைக்கிறேன்.

பரீட்சைக்குப் படிக்கிற வயதில் உனக்கு எதற்கு இந்தக் கவலை? பால் கொடுக்கும்வரை பயமே இல்லை. மாதவிலக்கு திரும்பட்டும், அப்புறம் பார்க்கலாம். இப்போது மாத்திரை கொடுத்தால் பால் வற்றிவிடும். வேறு ஏதாவது செய்வதானால் அப்பாவும் வந்து சம்மதம் சொல்ல வேண்டும். அதுதான் இங்கே வழக்கம். நிம்மதியாகத் தூங்கு.

டாக்டர் மாமா

ஏப்ரல் 2

அன்புள்ள டாக்டர் மாமாவுக்கு,

தூங்க முடியவில்லை. அம்மா தையல் ஆலை வேலைக்குத் திரும்பிவிட்டாள். பகல் முழுக்க ஆலையின் குழந்தைகள் காப்பகத்தில் தம்பிக்குப் புட்டிப்பால்தான். இரவில் மட்டும்தான் தாய்ப்பால். அப்போதும் பயமில்லையா? உங்கள் கடிதத்தில் அது இல்லை.

அப்பா வர மாட்டார். அம்மா கூப்பிட்டது அடுத்த அறையில் எனக்குக் கேட்டது. "அந்த வரிசையில நானும் வந்து நிக்கணுமா? நாலு பேர் பார்த்துச் சிரிக்கவா?" என்றார். அம்மாவின் உடம்புக்கு அம்மா சொன்னால் போதாதா?

வாயாடி

ஏப்ரல் 3

வாயாடிக்கு,

கேள்வி மேல் கேள்வி! இருபத்தெட்டு வருடமாக இந்தத் தெருவுக்கே வைத்தியம் பார்க்கிறேன். இரவுப் பால் போதும். தம்பிக்கு ஆறு மாதம் ஆகட்டும், அம்மாவை அழைத்து வா.

டாக்டர் மாமா

ஜூன் 19

அன்பு வாயாடிக்கு,

போன வாரம் தலைசுற்றல் என்று அம்மா வந்தாள். சோதனையில் தெரிந்ததை உன்னிடம் சொல்லியிருப்பாள்.

நீ கேட்டதைப் பெரிய ஆஸ்பத்திரி டாக்டரிடம் போனில் கேட்டேன். பகலில் புட்டிப்பால் கொடுத்தால் அந்தப் பாதுகாப்பை நம்பக்கூடாதாம். மாதவிலக்கு திரும்பும் முன்பே கரு தங்கிவிடுமாம். பாலைக் குறைக்காத மாத்திரைகள் இருக்கின்றனவாம். பிரசவமான அன்றே செய்யக்கூடிய கருத்தடை முறைகளும் உண்டாம். அப்பாவின் சம்மதத்தை எந்தச் சட்டமும் கேட்கவில்லை, நான்தான் கேட்டேன்.

தெரியாது என்று ஒரு சிறு பெண்ணிடம் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. அம்மா எப்படி இருக்கிறாள்? வந்து பார்க்கட்டுமா?

டாக்டர் மாமா

ஜூலை 8

டாக்டர் அவர்களுக்கு,

அம்மாவைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். படுத்தே இருக்க வேண்டுமாம். அப்படி இருந்தாலும் உயிருக்கு உறுதி சொல்ல முடியாதாம். தம்பியைப் பார்த்துக்கொள்ள நான் பள்ளியிலிருந்து நின்றுவிட்டேன்.

நீங்கள் வர வேண்டாம். அம்மாவுக்கு உங்கள்மேல் கோபம் இல்லை. "நல்ல மனுஷன்டி, பாவம்" என்கிறாள். எனக்குத்தான் அப்படிச் சொல்ல வரவில்லை. எங்கள் குடும்பத்தின் மருத்துவக் கோப்புகளை நர்ஸ் அக்காவிடம் கொடுத்து வையுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

கீழ்வீட்டு அக்காவுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. திங்கட்கிழமை ஊசிக்கு வருவாள். எடை போட்டதும் அனுப்பிவிடாதீர்கள். அவளையாவது உட்கார வைத்து நீங்களே பேச்சை எடுங்கள். அவளாகக் கேட்க மாட்டாள்.

இப்படிக்கு,
தையல் ஆலைக்காரியின் மகள்