ஹீலியத்துக்குக் கயிறு பிடித்தவர்

14 மார்ச் 1947, வெள்ளி

கதிரியக்கமுள்ள கடல் மணலை ஆறு வாரம் சூடாக்கிச் சேர்த்த ஹீலியம், மொத்தம் ஒரு மிடறு அளவுதான். இன்று சோதனை முடிந்ததும் அதைப் பாதரசப் பம்பினால் குடுவைக்குள் திரும்ப எடுத்தோம். ஆய்வக உதவியாளர் அந்தோணி அண்ணாச்சி பாதரசக் கிண்ணத்தை ஏற்றி இறக்கினார். குழாயின் கண்ணாடி மூடியை அழுத்திப் பிடிப்பது என் வேலை. கை தவறினால் காற்று புகுந்து எல்லாம் கெட்டுவிடும்.

பாதியில் கல்லூரி முதல்வர் வந்து நின்றார். நான் பதறி எழுந்துவிட்டேன். அண்ணாச்சி திரும்பவே இல்லை.

"என்ன அந்தோணி, காது கேக்கலையா?"

"கேக்குது ஐயா. இது முடியட்டும்."

முதல்வரின் முகம் சிவந்தது. அண்ணாச்சியின் வேலை போய்விடுமோ என்று பயந்தேன். குடுவையை அடைத்த பிறகுதான் அவர் எழுந்து கும்பிட்டார்.

"முத்துக்குளிக்க எங்க அத்தான் முங்கும்போது நான்தான் கயிறு பிடிப்பேன் ஐயா. முங்குறவுக தன் பொண்டாட்டியோட தம்பிகிட்டதான் கயிறக் கொடுப்பாவ. கண்ணு அங்கிட்டு இங்கிட்டுப் போனா எங்க அக்கா தாலில்லா போயிரும்!"

முதல்வர் சிரித்துவிட்டார்.

நான் விட்ட மூடியை அண்ணாச்சியின் இடது கைதான் பிடித்திருந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. நாளை முதல்வரிடம் நானே சொல்லிவிட வேண்டும். வாய் வருமா, தெரியவில்லை.