பேனா நீளத்தில் பதினோராயிரம் வோல்ட்

ஜூன் 4, வியாழன்
பால், காய்கறி, சின்னவளின் பஸ் காசு – இன்றைய கணக்கு முடிந்தது. மின்சார ஆபீசில் லைன்மேன்களுக்கெல்லாம் புது டெஸ்டர் கொடுத்திருக்கிறார்கள். என் வீட்டுக்காரர் இவரும் ஒன்று கொண்டுவந்தார். பேனா மாதிரி இருக்கிறது. ஒயரைத் தொடவே வேண்டாம், கரன்ட் இருந்தால் கிட்டே கொண்டுபோனாலே கத்துகிறது. மிக்சி ஒயரில் வைத்துப் பார்த்தேன், கத்தியது. போன மாதம் இவர் கூட்டாளி நெட்டையண்ணன், லைனில் கரன்ட் இல்லை என்று நம்பித் தொட்டு வலது கையை இழந்தார். ஆண்டவனே, இனி பயமில்லை என்று கும்பிட்டேன்.

ஜூன் 5
அவசரப்பட்டுக் கும்பிட்டுவிட்டேன். டப்பாவில் இருந்த தாளை எழுத்துக்கூட்டிப் படித்தேன். ஆயிரம் வோல்ட் வரைக்கும்தானாம். இவர் ஏறுவது பதினோராயிரத்தில்! பேனாவை நீட்டினால் கையும் கூடவே போகுமே – அது கத்தும்போது ஆள் இருப்பாரா? இதற்கென்றே நீளக் கம்பு நுனியில் மாட்டுகிற டிடெக்டர் இருக்கிறது. கேட்டால், "எங்களுக்கும் தெரியும்டி. கேட்டா கொடுத்துடுவாங்களா?" என்கிறார்.
தெரிந்தும் ஏறுவாராம்.

ஜூன் 8, திங்கள்
ஆபீசுக்கே போனேன். சூப்பர்வைசர் சிரித்தார். "என்னம்மா, வீட்ல மிக்சி ரிப்பேரா?"
"இல்லங்க சார். இந்தப் பேனாவோட நீங்க ஒரு தடவை ஏறிக் காட்டுங்க. நான் கீழ நின்னு உங்களுக்காக வேண்டிக்கிறேன்."
சிரிப்பு நின்றது. மேலிடத்துக்கு எழுதியும் அந்தக் கம்பு வரவில்லையாம். "கடவுள்மேல பாரத்தப் போடும்மா."
எனக்கா சொல்கிறார்? தினமும் போடுகிறேன். ஆபீஸ் வாங்கவேண்டிய கம்பையும் கடவுள் தலையில் கட்டமாட்டேன்.

ஜூன் 9
"மானத்த வாங்கிட்ட" என்றவர் அதற்குப்பின் பேசவில்லை. பேசவேண்டாம். உயிரோடு பேசாமல் இருக்கட்டும்.

ஜூன் 11
மத்தியானக் காற்றில் லைன் அறுந்து தெருவெல்லாம் கரன்ட் இல்லை. கம்பு வராமல் ஏறமாட்டோம் என்று இவர் கேங்கே கம்பத்தடியில் உட்கார்ந்துவிட்டதாம். முதலில் உட்கார்ந்தது இவராம்!
பக்கத்து வீட்டு அக்கா வாசலில் நின்று கத்தினார். "உன் புருஷன் சொகுசா உக்காந்திருக்கான். எங்க பிள்ளைங்க வேர்த்துச் சாகுதுங்க."
"கீழதானே அக்கா உக்காந்திருக்காரு? நல்லாப் பாத்தீங்களா?"
அக்காவுக்கு இன்னும் கோபம் ஏறிவிட்டது.
வேலை போய்விடுமோ? போனால் போகட்டும்.

ஜூன் 12
காலையில் இவரே போன் செய்தார். பக்கத்து ஊர் ஆபீசிலிருந்து கம்பு வந்துவிட்டதாம். "கம்பு சரியா வேலை செய்யுதான்னு கரன்ட் ஓடுற லைன்ல வச்சுப் பாத்தோம், கத்துச்சு. எங்க லைன்ல கத்தல. மறுபடி ஓடுறதுல வச்சோம், கத்துச்சு. தப்பித்தவறி கரன்ட் வந்தாலும் தரைக்குப் போயிடுற மாதிரி எர்த்தும் போட்டாச்சு. ஏறப்போறேன்."
அப்புறம் எனக்கு அடுப்படி வேலை ஓடவில்லை. எல்லாரும் இறங்கிய பிறகுதான் லைனில் கரன்ட் விடுவார்கள்.
சற்றுமுன் ஃபேன் சுற்றியது. அதன் கீழேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.