முகமூடிக்காரனுக்காக ஒரு மொட்டை

சூரத்,
ஞாயிறு.

அன்புள்ள அப்பாவுக்கு முனீஸ்வரி வணக்கத்துடன் எழுதுவது. முழங்கால் வலி குறைந்திருக்கிறதா? போனில் பேசினால் உங்களுக்குச் சரியாகக் கேட்பதில்லை, அதனால் எழுதுகிறேன். எனக்கு ஒரு குறையும் இல்லை.

எங்கள் ஆய்வகத்தின் தலைமைப் பதவிக்கு நாளை நேர்காணல். என்னோடு இன்னும் இரண்டு பேர். யாருக்கு என்று முன்பே முடிவாகிவிட்டதாம். போகவேண்டாம் என்றுதான் இருந்தேன்.

நேற்று விடுமுறை, பேச ஆளில்லை. சோழபுரம் வீட்டு டிவியில் நாம் பார்த்த அந்தப் பழைய மல்யுத்தப் போட்டியைச் செல்போனில் தேடிப் பார்த்தேன். மூன்று பேர், அதில் ஒருவன் முகமூடிக்காரன். நடுவில் ஏணி, உச்சியில் தொங்கும் சாம்பியன் பெல்ட்; ஏறி எடுப்பவனுக்கு வெற்றி. "எல்லாம் பேசி வைத்த ஆட்டம்" என்றேன் அன்று. "ஏட்டி, பொய்யின்னா அம்புட்டு ஒசரத்துல இருந்து நீ குதிச்சுக் காட்டு" என்றீர்கள். முகமூடிக்காரன் ஜெயிக்கவேண்டும் என்று நம் ஊர்ப் பக்கத்துத் திருவண்ணாமலைப் பெருமாளுக்கு நேர்ந்துகொண்டீர்கள். அவன் தோற்ற பிறகும் போய் மொட்டை போட்டு வந்தீர்கள். "விழுந்தவன் எந்திரிச்சான்லா, அது போதும்" என்றீர்கள்.

இப்போதும் அது பேசி வைத்த ஆட்டம் என்றே சொல்வேன். ஆனால் தோற்கப்போவது தெரிந்தும் அவன் உச்சிவரை ஏறிக் குதித்தான். பட்ட அடி பொய்யில்லை.

நாளை போகிறேன். படித்து வைத்த அத்தனையையும் சொல்லிவிட்டுத்தான் வெளியே வருவேன்.

இந்தப் பக்கம் வருகிறவர்களிடம் கொஞ்சம் பருப்புப்பொடி கொடுத்துவிடுங்கள். ஒருத்திக்காகக் குழம்பு வைக்கத் தோன்றுவதில்லை.

சேலைக்கு இஸ்திரி போடவேண்டும், நிறுத்துகிறேன். எனக்காக நேர்ந்துகொண்டால் மொட்டை மட்டும் வேண்டாம் அப்பா. உங்கள் தலையில் இருப்பதே கொஞ்சம்.

மகள்,
முனீஸ்வரி