வளையம் அறுந்த இடம்

என் வாயாடிப் பேத்திக்குப் பாட்டி எழுதுவது. நீ சுகமாயிருக்க வேண்டும். இங்கே சுகமா என்று கேட்காமல் கடைசிவரை படி.

அன்றைக்கு டாக்டரம்மா அறையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். நாளைக்கு யாரும் மழுப்பக் கூடாது. உன் அம்மா, உன் அப்பன், உன் அத்தை, நான், டாக்டரம்மா, கதவோரம் நின்ற நர்ஸ். நாற்காலி பற்றவில்லை. உன் அத்தை உட்கார்ந்தாள், நோயாளி நின்றாள். அதை நான் மறக்க மாட்டேன்.

உன் அம்மாவுக்குக் கருப்பை வாயில் புற்றுநோய். ஏதோ அசதி, படுத்திருக்கிறாள் என்றுதானே உன் அப்பன் உன்னிடம் சொல்லி வைத்திருக்கிறான்? நீ ராப்பகலாக ஆராய்ச்சி செய்கிற அந்தக் கிருமிதான் காரணமாம். ஆணும் பெண்ணும் சேரும்போது ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டுகிறதாம்.

என்ன வேலை செய்கிறீர்கள் என்று டாக்டரம்மா கேட்டார். லிஃப்ட் பழுது பார்க்கிறேன் என்றான் உன் அப்பன். அவரும் லிஃப்ட்டை வைத்தே சொன்னார். கிருமி ஒரு வளையமாக நம் செல்லுக்குள் போய் உட்காருமாம். அதன் புரதங்களில் ஒன்றுதான் மேஸ்திரி. வளையத்துக்கு நகல் எடுக்க ஆரம்பித்துவைப்பது அது. செல் இரண்டாகப் பிரியும்போது இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகல்களைச் சேர்ப்பது அது. கூடவே இருக்கும் இரண்டு போக்கிரிப் புரதங்கள் தலைதூக்காமல் பிரேக் போட்டு வைப்பதும் அதுதான். இப்படியே பத்து இருபது வருஷம்கூடச் சத்தமில்லாமல் கிடக்கலாம், நிறையப் பேருக்குத் தானாகவே போய்விடும் என்றார். சிலருக்கு மட்டும் வளையம் அறுந்து நம் செல்லின் மரபணு இழையோடு ஒட்டிக்கொள்ளுமாம். அறுகிற இடம் பெரும்பாலும் மேஸ்திரி இருக்கிற இடமாகப் போய்விடுகிறது. அப்புறம் போக்கிரிகளைக் கேட்பாரில்லை. நம் செல்லின் சொந்தக் காவலையும் அடித்துப் போட்டுவிடும். பிரேக் போன லிஃப்ட் மாதிரி செல் கண்டபடி பெருக ஆரம்பித்துவிடும் என்றார். உன் அப்பன் தலையை ஆட்டினான். இரண்டாம் வகுப்போடு நின்ற எனக்கே புரிந்தது, அவனுக்கா புரியாது?

அன்று சாயங்காலம் உன்னைக் கூப்பிட்டானே, நினைவிருக்கிறதா? கூட வேலை பார்க்கிறவன் பெண்டாட்டிக்கு உடம்பு சரியில்லை என்று உன்னிடம் பொய் சொன்னான். வளையம் அறுவதற்கு எவ்வளவு காலம் ஆகும் என்று கேட்டான். ஸ்பீக்கரில் போட்டிருந்தான், நான் பக்கத்தில் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். எங்கள் கண்ணாடித் தட்டில் வளர்க்கிற செல்லில் சில மாதத்திலேயே அறுந்துவிடும்ப்பா, அறுந்ததுதான் மற்றதையெல்லாம் ஓரங்கட்டிவிட்டுப் பெருகும் என்றாய். என்னப்பா, லிஃப்ட்டை விட்டுவிட்டு என் வேலைக்கு வரப் போறீங்களா என்று சிரித்தாய்.

கண்ணாடித் தட்டை அவன் காதில் வாங்கவில்லை. சில மாதத்தை மட்டும் பிடித்துக்கொண்டான். மூன்று வருஷம் வெளிநாட்டில் இருந்துவிட்டு அந்த மாதம்தான் வீடு திரும்பியிருந்தான். அப்படியானால் தான் இல்லாதபோதுதான் கிருமி வந்திருக்கிறது என்று கணக்குப் போட்டுவிட்டான்.

நான் இல்லாதப்போ இந்த வீட்டுக்கு யாருடி வந்தது என்று உன் அம்மாவைக் கேட்டான்.  அண்ணன் கேட்கிறதில் என்ன தப்பு என்றாள் உன் அத்தை. டேய், அது இருபது வருஷம்கூடப் பதுங்கியிருக்கும் என்றுதானே டாக்டரம்மா சொன்னார், கல்யாணத்துக்கு முன்னாடி நீயே சுமந்துகொண்டு வந்திருந்தாலும் யாருக்குத் தெரியும் என்று கேட்டேன். உனக்கு என்னம்மா தெரியும், ஆராய்ச்சி பண்றவளே சொல்லிட்டா, நீ சும்மா கிட என்றான்.

மறுநாளிலிருந்து உன் அம்மா மாடி அறையில். வேலைக்குப் போகும்போது வெளியே பூட்டிக்கொண்டு போகிறான். அவள் போன், என் போன் இரண்டும் அவன் பையில். வாசல் கதவுக்கும் பூட்டு. நான் எங்கே போகப் போகிறேன், இந்த முட்டியை வைத்துக்கொண்டு நாலு படி ஏறுவதற்குள் உயிர் போய்விடுகிறது. லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டவர்கள் கூப்பிட்டால் சோற்றில் கை வைத்திருந்தாலும் எழுந்து ஓடுகிறவனடி உன் அப்பன். சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஓடுகிறான்.

கைத்தடியால் உத்தரத்தைத் தட்டுவேன். உன் அம்மா மேலேயிருந்து கரண்டியால் தரையைத் தட்டுவாள். முன்னொரு நாள் என் தங்கையை வாசலிலேயே நிற்கவைத்துப் பேசி அனுப்பினாளே உன் அம்மா, அன்றிலிருந்து உன் அம்மாவோடு நான் முகம் கொடுத்துப் பேசியதில்லை. அந்தக் கோபம் எங்கேயும் போய்விடவில்லை, பத்திரமாக வைத்திருக்கிறேன். அவள் எழுந்து நடமாடட்டும், அப்புறம் எடுத்துக்கொள்கிறேன். நேற்று மேலேயிருந்து பதில் வர நேரமானது. கைத்தடியை ஓங்கி ஓங்கித் தட்டிக்கொண்டே இருந்தேன்.

கதிர் சிகிச்சைக்குக் கொடுத்த தேதி தாண்டிவிட்டது. நர்ஸ் போனில் கூப்பிட்டதற்கு வேறு இடத்தில் காட்டுகிறோம் என்று சொல்லிவிட்டான். இப்போதே ஆரம்பித்தால் குணமாகும், தள்ளிப்போட்டால் நான் வாக்குக் கொடுக்க மாட்டேன் என்று டாக்டரம்மா எல்லார் முன்னாலும்தான் சொன்னார்.

நீ போனில் பேசித் தீராது. நீ கூப்பிடும்போதெல்லாம் அவள் தூங்குகிறாள் என்றுதானே சொல்கிறான்? நேரில் கிளம்பி வா. நான் சொன்னது தட்டில் வளர்கிற செல்லைப்பா, அம்மாவை இல்லை என்று அவன் முகத்துக்கு நேரே சொல். அது எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது என்றும் சொல். அவன் நம்புவது உன்னை ஒருத்தியைத்தான். அதற்கும் அசையாவிட்டால் போலீசைக் கூட்டிக்கொண்டு வா. அவனைப் பெற்றவள் சொல்கிறேன், கூட்டிக்கொண்டு வா.

இஸ்திரி போடுகிற அம்மாவிடம் ஜன்னல் வழியாக இதைக் கொடுத்து அனுப்புகிறேன். அவர் நல்ல மனுஷி, தபாலில் சேர்த்துவிடுவார்.

நீ அழாதே கண்ணு. கேட்டதற்குப் பதில் சொன்னாய், உன்மேல் எனக்கு ஒரு சொட்டு வருத்தமும் இல்லை. உன் அத்தையைக்கூட என்றைக்காவது, போனால் போகிறது என்று விட்டாலும் விடுவேன். நீ படித்த படிப்பு உன் அம்மாவுக்கு உதவட்டும், நீ தீர்க்காயுசாக இரு. நீ வந்து சேருகிறவரை அந்தக் கரண்டிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும், எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

நான் மன்னிக்கவே போகாதது ஒருத்தனைத்தான். அவன் என் வயிற்றில் பிறந்த மகன்.

உன் பாட்டி